கிட் காருக்குப் பெடல்: மேலிருந்து தொங்கவிடுவதா, தரையில் நிறுத்துவதா?

வீட்டுப் பட்டறையில் பாகங்களைச் சேர்த்துக் கிட் கார் கட்டுகிறவர்கள் இன்ஜினைப் பற்றி ஆறு மாதம் யோசிப்பார்கள். பெடலைக் கடைசியில், மிச்சமிருக்கும் இடத்தில் திணிப்பார்கள். சமவெளியில் அது எப்படியோ ஓடிவிடும். நீலகிரியில் ஓடாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவு, ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்க 36. இங்கே ஓடப்போகும் வண்டிக்குச் சேஸிஸ் வரையும்போதே பெடலும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

முதலில் சீட்டை அதன் நிரந்தர இடத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். பிறகு பிளைவுட்டில் மூன்று பெடல் வெட்டி நிறுத்தி, வழக்கமாகப் போடும் ஷூவோடு உட்காருங்கள். எஸ்டேட்டில் கம்பூட்டோடு ஓட்டுவீர்கள் என்றால் கம்பூட்டோடு. பெடலை முழுக்க மிதித்தாலும் முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும், முதுகு சீட்டை விட்டு எழக் கூடாது. அகலக் கணக்கு இது: கிளட்ச் பேட் 60 மி.மீ., இடைவெளி 55, பிரேக் பேட் 70, இடைவெளி 55, ஆக்சிலேட்டர் 45, ஆக மொத்தம் 285. இரு பக்கமும் 25 விட்டால் 335. இடது கால் ஓய்வெடுக்க இன்னொரு 70 கிடைத்தால் வசதி. ஸ்டீயரிங் ராட் இந்த இடத்தில் குறுக்கே வருகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

எந்த அமைப்பு?

தரையில் கீல் வைத்த பெடலில் பாதமும் பெடலும் ஏறக்குறைய ஒரே வளைவில் நகரும், மிதிக்கச் சுகமாக இருக்கும். மூக்கு தாழ்ந்த வண்டிக்கு இதுதான் பொருந்தும், பாரமும் நேராகச் சேஸிஸ் குழாயில் இறங்கும். ஆனால் மலையில் இதற்கு ஒரு தொல்லை உண்டு. ஷூவில் ஒட்டிவரும் தேயிலைத் தோட்டத்துச் செம்மண் கீலில்தான் போய்ச் சேரும். மழைக்காலம் முடிவதற்குள் கீலுக்குள் இருக்கும் உலோக வளையம், அதாவது புஷ், இறுகிவிடும், பெடல் மந்தமாகத் திரும்பும். இன்னொன்று, மிதியைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் தாழ்ந்துவிடுவதால் ஆயில் டப்பாவைத் தனியாக மேலே வைத்து ஹோஸ் இழுக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர், சக்கரத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பருக்கும் கீழே போய்விட்டால் ஆயில் பின்னோக்கி வடியும். அதைத் தடுக்க டிஸ்க் லைனில் 2 பி.எஸ்.ஐ., டிரம் லைனில் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வு போட வேண்டும்.

தொங்கும் பெடலுக்கு மண் பயமில்லை, ஆயில் டப்பா பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டும். 700 கிலோவுக்குள் நிற்கும் மலை வண்டிக்கு இதுவே எங்கள் தேர்வு. ஒரே நிபந்தனை, அதைத் தாங்கும் சுவர், அதாவது இன்ஜினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே நிற்கும் பயர்வால், உறுதியாக இருக்க வேண்டும்.

அந்தச் சுவரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பதறி மிதிக்கும்போது கால் 100 கிலோ வரை கொடுக்கும். பெடல் விகிதம், அதாவது மிதியைப் பெடல் எத்தனை மடங்காக்குகிறது என்பது, 6 என்றால் சிலிண்டரை முன்னோக்கி 600 கிலோ தள்ளுகிறது, அதே நேரத்தில் கீலை 500 கிலோ உங்கள் பக்கமாக இழுக்கிறது. கீல் ஒரு தகட்டிலும் சிலிண்டர் வேறொரு தகட்டிலும் இருந்தால் இரண்டும் எதிரெதிராக வளையும். பயர்வால் 2 மி.மீ. வளைந்தால் பாதத்தில் அது 12 மி.மீ. வெற்று அசைவு. பிரேக் லைனிலிருந்து ஏர் எடுத்து ஏர் எடுத்து அலுத்துப்போன பிறகும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் முதல் சந்தேகம் இங்கேதான். 3 மி.மீ. தகட்டில் ஒரே பெட்டியாக அடித்து, கீல், சிலிண்டர் இரண்டையும் அதிலேயே பொருத்தி, அந்தப் பெட்டியைச் சேஸிஸ் குழாயோடு இணையுங்கள். வெறும் 1.6 மி.மீ. தகட்டை நம்பாதீர்கள்.

பெடல் கைக்கு 40 × 10 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டை, கீலுக்கு கன்மெட்டல் (வெண்கலக் கலவை) புஷ், 12 மி.மீ. 8.8 கிரேடு போல்ட், தானே தளராத நைலாக் நட். புஷ்ஷைக் கடைந்து வாங்கக் கோயம்புத்தூர் லேத்துகளே போதும்.

விகிதமும் பூஸ்டரும்

கீலிலிருந்து பேட் 300 மி.மீ., சிலிண்டரைத் தள்ளும் கம்பியான புஷ் ராட் 50 மி.மீ. என்றால் விகிதம் 6. மிதிக்கு உதவும் பூஸ்டர் இல்லாத வண்டிக்கு இதை ஒட்டி இருக்க வேண்டும். பூஸ்டர் வைத்த காரின் பெடலில் பெரும்பாலும் 4 பக்கம்தான் இருக்கும். அதைப் பழைய ஸ்பேர் கடையில் வாங்கி, பூஸ்டரை மட்டும் கழற்றிவிட்டுப் போட்டால் கல்லை மிதிப்பது போலிருக்கும்.

பூஸ்டரையே வைத்துக்கொள்ளலாமே என்றால், அது வெளிக்காற்றின் அழுத்தத்தில் வேலை செய்வது. கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் சுமார் 77. உதவியில் கால் பங்கு அங்கேயே போய்விடுகிறது. இறக்கத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் ஓரிரு மிதிக்குமேல் மிஞ்சாது. சின்ன வண்டிக்கு அது வேண்டாம்.

40 கிலோ மிதியை 6-ஆல் பெருக்கினால் 240. முக்கால் அங்குல உள்விட்டமுள்ள, இரண்டு லைனுக்கும் ஒன்றாக இருக்கும் டேன்டம் சிலிண்டரில் அது ச.செ.மீ.க்கு 84 கிலோ அழுத்தம். மிதியைப் பிரித்துக் கொடுக்கும் பேலன்ஸ் பாரோடு, முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு தனிச் சிலிண்டர் வைத்தால் விசை பாதியாகப் பிரியும், அதனால் 5/8 அங்குலம் எடுங்கள், ஒவ்வொன்றிலும் 60 கிலோ கிடைக்கும். பேலன்ஸ் பாரை முன்சக்கரம் முதலில் பூட்டும்படி (சுழலாமல் நிற்கும்படி) வையுங்கள். இறக்கத்தில் பாரம் முன்னே சாயும், பின்சக்கரம் லேசாகும். பனிமூட்டத்தில் நனைந்த சாலையில் பின்பக்கம் முதலில் பூட்டினால் வண்டி குறுக்கே திரும்பிவிடும்.

சிலிண்டரின் முழு ஓட்டம் 25 மி.மீ. என்றால் பேட் 150 மி.மீ. நகர இடம் வேண்டும். ஒரு லைன் வெடித்தால் மற்றது பிடிப்பதற்குள் பெடல் ஆழமாக இறங்கும். அதற்குள் தரை மேட்டிலோ சுவரிலோ முட்டக் கூடாது.

ஒரு மில்லிமீட்டர் விளையாட்டு

புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1 முதல் 1.5 மி.மீ. பிளே விடுங்கள். பேட்டில் அது 6 முதல் 9 மி.மீ. ‘பெடல் உடனே பிடிக்கட்டும்’ என்று இதை இறுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. பிஸ்டன் முழுக்கப் பின்னே வராவிட்டால் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே கிடக்கும். இறக்கத்தில் ஆயில் சூடாகி விரியும், போக வழியில்லாமல் சக்கரத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் பேடையே அழுத்தும். அந்தப் பேட் உரச உரச இன்னும் சூடு, இன்னும் அழுத்தம். காலை எடுத்த பிறகும் வண்டி தானே இழுத்து நிற்கும். வழியில் இப்படி ஆனால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள், பிறகு ராடின் லாக் நட்டைத் தளர்த்தி அரைச் சுற்று குறையுங்கள். பெடலுக்கு ஒரு திரும்பு ஸ்பிரிங்கும், மேலே ஒரு ஸ்டாப் போல்ட்டும் கட்டாயம். பாதி மிதியில் புஷ் ராட் சிலிண்டருக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும், 5 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் சீல் ஒருபக்கமாகத் தேயும்.

பிரேக் ஆயில் டாட் 4 (DOT 4) தரம். புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் குடித்தபின் 155. இந்த ஊர் மூடுபனிக்கு ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள்.

கிளட்ச் கேபிள் என்றால் வளைவு குறைவாக, சைலன்சர் குழாயிலிருந்து விலகி வரட்டும். ஆக்சிலேட்டருக்கு இரண்டு ஸ்பிரிங், முழு மிதியில் காலின் பாரம் கேபிளில் விழாமல் ஒரு ஸ்டாப். ஜனவரிக் காலையில் உறைபனி விழும்போது தண்ணீர் புகுந்த கேபிள் சிக்கும், உறையின் மேல்முனையை ரப்பரால் மூடுங்கள்.

பதிவு இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 39-ஆம் பிரிவு இடம் தராது. சோதனையெல்லாம் தனியார் எஸ்டேட் பாதையில்தான். அதற்கும் முன்பு, வண்டி நின்றபடியே ஒருவர் முழு பலத்தோடு மிதிக்க, இன்னொருவர் பயர்வாலில் விரல் வைத்துப் பார்க்கட்டும். அசைவு தெரிந்தால் பெட்டிக்கு இன்னொரு தாங்கி வெல்ட் செய்யுங்கள். அதே மிதியை 30 விநாடி பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கினால், ஒவ்வொரு இணைப்பாகத் துணியால் துடைத்து ஈரம் தேடுங்கள். எங்கும் ஈரமில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய்விட்டது. வண்டியை நகர்த்தாமல் அதைக் கழற்றுங்கள்.