பழைய மரப்படகை கரண்ட்டுக்கு மாற்றும்போது நடக்கும் தவறுகள்

மலைக்குப் படகு ஏறி வருவது புதிதல்ல. 1863-ல் கொடைக்கானல் ஏரியை உருவாக்கிய லெவிஞ்ச் துரை, முதல் படகுகளைத் தூத்துக்குடியில் இருந்து வரவழைத்தார். அன்றைக்கு மலைக்கு மோட்டார் ரோடே கிடையாது. அதனால் தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டக்காரர் ஒருவர், கேரளத்துக் குட்டநாட்டில் ஆற்றில் ஓடிக்கொண்டிருந்த 24 அடி மரப்படகு ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தபோது எனக்கு அது பெரிய அதிசயமாகத் தெரியவில்லை. தோட்டத்துத் தேக்கத்தில் விட வேண்டும், ஆனால் டீசல் சத்தமும் புகையும் ஆகாது, கரண்ட்டில் ஓட வேண்டும் என்றார். எனக்குக் கொடைக்கானலில் மோட்டார் காயில் கட்டும் கடை. மோட்டார் தெரியும், மரம் தெரியாது. கீழே வரும் தவறுகளில் பாதி நானே செய்தவை.

கரண்ட் படகு என்றால் நேற்று வந்த சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1838-லேயே யாக்கோபி என்பவர் ரஷ்யாவின் நேவா ஆற்றில் பேட்டரியில் படகு ஓட்டினார். 1880-களில் லண்டன் தேம்ஸ் ஆற்றில் மின்படகுகள் வாடகைக்கே ஓடின. 1893-ல் சிகாகோ கண்காட்சியில் 50-க்கும் மேற்பட்ட மின்படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு சுற்றின. பிறகுதான் பெட்ரோல் எஞ்சின் வந்து இடத்தைப் பிடித்தது. தேம்ஸில் 1888-ல் கட்டிய 'விஸ்கவுண்டஸ் பரி' மாதிரிப் படகுகள் பிறக்கும்போதே மின்படகுகள்தான். நம் கைக்கு வருவது அப்படியல்ல. டீசல் எஞ்சினோடு பல வருஷம் குடித்தனம் நடத்திய உடம்பு அது. சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

எஞ்சினின் வேலை படகைத் தள்ளுவது மட்டும்தான் என்று நினைத்தது முதல் தவறு. மரப்படகின் அடியில் எப்போதும் கொஞ்சம் ஈரம் கிடக்கும். டீசல் எஞ்சின் ஓடும்போது சூடு பரப்பும். தன் தேவைக்குக் காற்றையும் இழுக்கும். அந்த இரண்டிலும் படகின் அடிவயிறு தானாகவே காய்ந்துவிடும். மோட்டாருக்கு அந்தச் சூடும் இல்லை, அந்த இழுப்பும் இல்லை. போதாக்குறைக்கு, பேட்டரியில் தண்ணீர் படக்கூடாது என்று நாம் பலகை போட்டு, ரப்பர் வைத்து, எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிடுகிறோம். மலையில் மேகம் ரோட்டிலேயே நடக்கும் மாதங்களில் உள்ளே என்ன ஆகும்? எட்டு மாதம் கழித்து மூடியைத் திறந்தபோது காளான் வாசனை வந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். படகுக்கு விலா எலும்பாக நிற்கும் வங்குகளில் ஒன்றின் அடி புட்டு மாதிரி உதிர்ந்தது. அதற்கப்புறம் முன்முனையான அணியத்தில் ஒரு திறப்பு, பின்பக்கம் ஒரு திறப்பு, நடுவில் சின்ன சோலார் மின்விசிறி என்று வைத்தோம். பத்து வாட் கூட இழுக்காத விசிறி அது. முதல் நாளே வைத்திருந்தால் வங்கு பிழைத்திருக்கும். பழைய லெட்-ஆசிட் பேட்டரி போடுகிறவர்களுக்குக் காற்றோட்டம் இன்னும் அவசியம். சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜன் விடும். அந்த வாயு மேலே போகும். திறப்பு கூரையை ஒட்டி இருக்க வேண்டும்.

எடையும் அப்படித்தான். எங்கள் படகில் இருந்த எஞ்சின், கியர்பாக்ஸ், டேங்க் எல்லாம் சேர்ந்து 300 கிலோ இருக்கும். மோட்டார் முப்பது கிலோ. பேட்டரி நூறு கிலோ. மிச்சமான எடைக்குச் சந்தோஷப்பட்டு, பேட்டரியை வசதியாகக் கை எட்டும் இருக்கைக்கு அடியில் வைத்தோம். படகு லேசாகி மேலே எழும்பியது, ஆள் ஏறினால் தொட்டில் மாதிரி ஆடியது. பேட்டரியை எஞ்சின் மேடை இருந்த இடத்திலேயே, படகின் அடிமரமான ஏராவை ஒட்டிக் கீழே கட்ட வேண்டும். குறைந்த எடைக்கு ஈயக் கட்டியோ மணல் மூட்டையோ அடிபாரமாக வைக்க வேண்டும். பழைய நீர்க்கோடு பலகையில் கறையாகத் தெரியும். அந்தக் கறைக்குப் படகைக் கொண்டுவருவதுதான் கணக்கு.

அடுத்தது நான் சொல்லவே கூச்சப்படும் தவறு. வேலை முடியும் வரை படகைத் தகரக் கொட்டகையில் நான்கு மாதம் நிறுத்தினோம். மாசி, பங்குனிக் காற்றில் பலகைகள் காய்ந்து சுருங்கி, இடையில் நகம் நுழையும் அளவுக்குச் சந்து விட்டது. நான் என்ன செய்தேன்? கடையில் இருந்த எப்பாக்சி பட்டியைக் கலக்கி எல்லாச் சந்திலும் அடைத்தேன். பார்க்க அவ்வளவு நேர்த்தி. தண்ணீரில் இறக்கியதும் பலகை ஊறி விரிந்தது. விரிய இடமில்லை, பட்டி கல் மாதிரி நிற்கிறது. மூன்றாம் நாள் இரவில் சத்தம் கேட்டது என்று காவலாளி சொன்னார். இரண்டு வங்குகளில் விரிசல், ஏழு ஆணிகள் தலை தூக்கி நின்றன.

தூத்துக்குடியில் இருந்து மரப்படகு கட்டும் வயதான ஓடாவி ஒருவரை அழைத்து வந்தோம். படகைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "தம்பி, இதுக்குப் பட்டி போட்டது யாரு?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பட்டியை எல்லாம் நோண்டி எடுத்துவிட்டு, பஞ்சுத் திரியைக் சந்து அடைக்கும் கலப்பத்து உளியால் அளவாக ஏற்றி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினார். ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்தி வைத்தார். பிறகு ஆழமில்லாத இடத்தில் இறக்கி, பம்பை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்தது, எனக்குப் பதறியது. "மரம் தண்ணி குடிக்கட்டும் தம்பி. குடிச்சு முடிச்சப்புறம் ஒழுகுதான்னு பாரு." இரண்டாம் நாள் மாலை நின்றுவிட்டது. மேலே ஃபைபர் கண்ணாடித் துணி ஒட்டிவிடலாம் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. பழைய பலகைப் படகுக்கு அதைச் செய்யாதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மரம் மறைவாகவே மக்கும்.

இனி மோட்டார். பழைய எஞ்சின் 20 குதிரைத்திறன், அதனால் 15 கிலோவாட் மோட்டார் வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். கடைக்காரரும் மறுக்க மாட்டார். ஆற்றுப்படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போவது. அதன் வேகத்துக்கு நீளமே எல்லை வைக்கிறது. நீரில் படும் நீளம் 22 அடி என்றால் மணிக்குச் சுமார் 11, 12 கிலோமீட்டர் அந்த எல்லை. அதற்கு மேல் எவ்வளவு திறன் கொடுத்தாலும் அலைதான் பெரிதாகும். அந்த எல்லைக்குக் கீழேயும், தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். அதாவது வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மணிக்கு ஆகும் கரண்ட் செலவு பாதியாகும். எங்களுக்கு 5 கிலோவாட்டே தாராளம். இன்னொன்று: மலை உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. அதனால் டீசல் எஞ்சின் இங்கே வந்ததும் மூச்சு வாங்கும். மோட்டாருக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் அதைக் குளிர்விக்கும் காற்றும் மெலிந்ததுதான். பெரும்பாலான மோட்டார்களின் தகட்டில் உள்ள அளவு 1000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். கொடைக்கானல் 2100 மீட்டர். முழுச் சுமையில் வெகு நேரம் ஓட்டுவதாக இருந்தால் ஒரு சுற்று பெரிய மோட்டார், அல்லது தண்ணீரால் குளிரும் மோட்டார் வாங்கலாம்.

தண்ணீரைத் தள்ளும் பழைய இறக்கையை (புரொப்பல்லரை) அப்படியே விடுவதும் தவறு. அது எஞ்சினின் வேகத்துக்கு வெட்டியது. மோட்டார் நின்ற இடத்திலேயே முழு முறுக்கு கொடுக்கும். பெரிய இறக்கையை மெதுவாகச் சுற்றினால்தான் அதன் அருமை தெரியும். நம் ஏரிகளில் பாசியும் கொடியும் அதிகம். இறக்கையில் நாலு கொடி சுற்றினாலே ஆம்பியர் முள் ஏறும். அந்த முள்ளைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

பேட்டரி விஷயத்தில் ஒரு கணக்கு போதும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சக்தி இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் இறக்கையைச் சுற்றும் தண்டுக்கு வரும். 48 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி என்பதும் 10 யூனிட்தான். அது கிட்டத்தட்ட மூன்று லிட்டர் டீசல் செய்யும் வேலையைச் செய்யும், அவ்வளவே. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் அதில் 8 யூனிட்டை எடுக்கலாம். லெட்-ஆசிட் என்றால் பாதியோடு நிறுத்த வேண்டும், எடையும் மூன்று மடங்கு. ஒரு எச்சரிக்கை: லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக்கூடாது. தண்ணீரில் கிடக்கும் படகுக்குப் பயமில்லை. கழற்றிக் கொண்டுவந்து தை மாதத்தில் தகர ஷெட்டில் வைத்து, விடியற்காலையில் பிளக்கைச் செருகுகிறோமே, அங்கேதான் செல் கெடும். உறைபனி விழும் ஊட்டிக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

48 வோல்ட்தானே என்று ஒயரில் மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு. 5 கிலோவாட்டை 48 வோல்ட்டில் எடுத்தால் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். வீட்டு ஏ.சி. எம்.சி.பி.யை அங்கே போடாதீர்கள், டி.சி. பொறி அதில் எளிதில் அணையாது. ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும்.

குட்டநாட்டுப் படகு என்பதால் அடியில் துத்தநாகக் கட்டிகள் வரிசையாக இருந்தன. உப்புத் தண்ணீரில் வெண்கலத்தைக் காக்க அவை வேண்டும்தான். ஆனால் அளவுக்கு மீறிப் போட்டால் உலோகத்தைச் சுற்றிக் காரம் சேர்ந்து மரத்தைத் தின்னும். தண்டு வெளியே வரும் இடத்தில் மரம் வெள்ளையாகப் பஞ்சு பஞ்சாக இருந்தது அதனால்தான். மலையில் நல்ல தண்ணீர். இங்கே துத்தநாகம் சரியாக வேலை செய்யாது, மக்னீசியம் போட வேண்டும். மின் கசிவு இருந்தாலும் இதே கதிதான். பேட்டரி இணைப்பைப் படகின் எந்த உலோகத்தோடும் தொடவிடாதீர்கள்.

ஆட்களை ஏற்றப் போகிறீர்கள் என்றால் 2021-ன் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் இருக்கிறது. எஞ்சினை மாற்றியபின் படகைச் சோதிக்கும் சர்வேயரிடம் காட்டுங்கள். மாற்றுவதற்கு முன்பே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

பழைய எஞ்சினைக் காயலான் கடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. தோட்டக்காரர் அதைக் காப்பிப் பழம் உரிக்கும் மெஷினோடு இணைத்துவிட்டார். கார்த்திகையில் சத்தமே இல்லாமல் படகில் போய்க்கொண்டிருந்தால், கரையில் இருந்து அதன் தடதடப்பு கேட்கும்.