சந்தா கட்டியவருக்கு விளம்பரம் அனுப்புமுன்: மன்றங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சமூக மன்றத்தின் கீழே உள்ள காப்பிக் கடையில் ஒரு தம்பியைச் சந்தித்தேன். விளையாட்டு மன்றம் ஒன்றுக்குப் புதிதாகச் செயலாளர் ஆனவர். "அண்ணே, தீபாவளிச் சலுகை எல்லாருக்கும் ஒரே கிளிக்கில் போயிடுச்சு" என்று கைப்பேசியைக் காட்டினார். முகவரிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். உறுப்பினர் விண்ணப்பப் படிவங்களிலிருந்தாம்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு ஆண்டுகளாக ஒரு மன்றத்தின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறேன். முதல் ஆண்டில் நானும் அதையேதான் செய்தேன். எழுத்துப்பிழை, தேதி மாறிப்போவது, இணைப்பை மறப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை ஒரு முறை பட்டால் யாரும் திருந்திவிடுவார்கள். பட்டும் திருந்தாத தவறுகள் வேறு.

படிவத்தில் ஒரே ஒரு டிக் பெட்டி

"உறுப்பினராகச் சேரவும், செய்திகளையும் சலுகைகளையும் பெறவும் சம்மதிக்கிறேன்" என்று ஒரே வரியில் எழுதி, அருகில் ஒரு பெட்டி வைத்துவிடுகிறோம். சேர வந்தவர் டிக் போட்டுத்தான் ஆகவேண்டும். சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இதை ஏற்பதில்லை. ஒரு சேவையைத் தருவதற்குத் தேவையான அளவைத் தாண்டிய சம்மதத்தை, அந்தச் சேவைக்கான நிபந்தனையாக வைக்கக்கூடாது. பூப்பந்து ஆட வருபவர் நகைக்கடை விளம்பரம் படித்தாக வேண்டியதில்லை. சின்ன சங்கம்தானே, நமக்கெல்லாம் இது பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. பொருந்தும். பதிவு பெறாத குழுவாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது ஓர் அமைப்புதான்.

பெட்டிகள் இரண்டு இருக்கட்டும். இரண்டாவது காலியாகவே அச்சாகட்டும்.

அறிவிப்புக்கும் விளம்பரத்துக்கும் ஒரே பட்டியல்

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்த ஆண்டு எங்களுக்கு ஒரு நகைக்கடை நன்கொடை தந்தது. பதிலுக்கு ஆறு விளம்பர மின்னஞ்சல்கள் அனுப்புவதாக ஒப்புக்கொண்டோம். எங்களிடம் இருந்தது ஒரே பட்டியல், 280 பேர். அனுப்பும் முகவரியும் ஒன்றுதான். சந்தா ரசீது, கூட்ட அறிவிப்பு, செய்கூலித் தள்ளுபடி எல்லாமே "செயலாளர்" என்ற ஒரே பெயரில் போயின. யாரும் குறை சொல்லவில்லை. அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பினேன்.

அப்புறம் ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. இங்குள்ள பல சங்கங்களின் விதியைப் போலத்தான் எங்கள் விதியும்: மொத்த உறுப்பினர்களில் கால் பங்கு அல்லது 30 பேர், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் வர வேண்டும். வந்தவர்கள் 19 பேர். அரை மணி நேரம் காத்திருந்தோம். அதன்பிறகு இருப்பவர்களை வைத்துக் கூட்டம் நடத்தலாம், ஆனால் சங்க விதிகளைத் திருத்த முடியாது. அந்த ஆண்டு நாங்கள் கூடியதே விதியைத் திருத்தத்தான். ஓய்வு பெற்றவர்களுக்கும் மாணவர்களுக்கும் சந்தாவைப் பாதியாகக் குறைக்கும் தீர்மானம் அது. ஓராண்டு தள்ளிப்போனது.

அந்தத் தீர்மானத்தை முன்மொழிய வேண்டியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, எனக்கு அறிவிப்பே வரலையே" என்றார். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அறிவிப்பு ஸ்பேம் பெட்டியில் கிடந்தது, மேலும் கீழும் நகை விளம்பரங்கள். வேறு சிலர் விளம்பரம் பிடிக்காமல் "அன்சப்ஸ்கிரைப்" அழுத்தியிருந்தார்கள். மென்பொருளில் இருந்தது ஒரே பட்டியல் என்பதால், அவர்கள் கூட்ட அறிவிப்பிலிருந்தும் நீங்கிவிட்டார்கள். சந்தா கட்டிய உறுப்பினர் தன் வாக்குரிமையை இழந்தது ஒரு வளையல் விளம்பரத்தால். அந்த ஆசிரியரின் முகத்தை நான் மறக்கவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். உறுப்பினர் ஒருவர் "ஸ்பேம்" என்று அழுத்தினால், ஜிமெயில் அந்த ஒரு கடிதத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. அனுப்பிய முகவரியின் நம்பகமே குறைகிறது. அப்புறம் புகாரே செய்யாதவருக்கும் உங்கள் கடிதம் ஸ்பேமில் விழத் தொடங்கும். 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த கூகுள் விதிமுறைப்படி, ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 280 பேருமே ஜிமெயில் வைத்திருக்கிறார்கள் என்று கணக்குப் போடுங்கள். ஒரே ஒருவர் அழுத்தினாலே 0.36 சதவீதம். பெரிய வங்கிக்கு ஒரு புகார் தூசு. சின்ன மன்றத்துக்கு அப்படி இல்லை.

ஆகவே பட்டியல் இரண்டு, அனுப்பும் முகவரியும் இரண்டு. முதலாவதில் கூட்ட அறிவிப்பு, ரசீது, திடல் மூடல் போன்றவை மட்டும். இரண்டாவதில் விளம்பரம், அதுவும் இரண்டாம் பெட்டியில் டிக் போட்டவர்களுக்கு மட்டும். இரண்டாவதிலிருந்து நீங்கினால் முதலாவது அசையக்கூடாது. உங்கள் பெயரிலேயே ஒரு சோதனைக் கணக்கு வைத்து அழுத்திப் பாருங்கள். மென்பொருள்காரர் சொல்வதை நம்பி விடாதீர்கள்.

"ரசீதின் அடியில் ஒரு சின்ன பேனர்தானே அண்ணே" என்று கேட்கும் பொருளாளர்களும் உண்டு. கூடாது. விளம்பரம் வேண்டாம் என்று சொல்ல உறுப்பினருக்கு அங்கே வழியே இல்லை. ரசீதை அவர் வேண்டாம் என்று சொல்ல முடியாதே.

அடிக்குறிப்பைத் தமிழில் மட்டும் எழுதுவது

தமிழ் மன்றங்களுக்கே உரிய தவறு இது. ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம் 2007இல் வந்தது. கேட்காதவர்களுக்கு ஒரே விளம்பரத்தை 24 மணி நேரத்தில் 100க்கும் மேல், அல்லது 30 நாளில் 1,000க்கும் மேல் அனுப்பினால் அது மொத்தமாக அனுப்பியதாகிவிடும். 280 பேர் என்றால் முதல் தடவையிலேயே வரம்பைத் தாண்டுகிறீர்கள். தலைப்பு வரியின் தொடக்கத்தில் ஏ, டி, வி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் கோண அடைப்புக்குள் இருக்க வேண்டும். விலகும் வழியைச் சொல்லும் குறிப்பு எத்தனை மொழியில் இருந்தாலும், அவற்றில் ஒன்று ஆங்கிலமாக இருக்க வேண்டும். "இனி வேண்டாமெனில் இங்கே அழுத்தவும்" என்று அழகாகத் தமிழில் மட்டும் எழுதினால் போதாது. நான் மூன்று ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன்.

விலகக் கேட்டவருக்குப் பத்து வேலை நாளுக்குள் நிறுத்திவிட வேண்டும். பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுத்தால் ஒரு கடிதத்துக்கு 25 வெள்ளி வரை இழப்பீடு விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2021 பிப்ரவரி முதல் வாட்ஸ்அப், டெலிகிராம் போன்றவற்றில் அனுப்புவதும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

"நீங்கள் டிஎன்சியில் பதியவில்லையே" என்று பதில் சொல்வது

டிஎன்சி என்பது 'டூ நாட் கால்', அதாவது விளம்பர அழைப்பு வேண்டாம் என்பவர்கள் பதியும் பதிவேடு. அது தொலைபேசி எண்ணுக்கானது: அழைப்பு, குறுஞ்செய்தி, தொலைநகல். மின்னஞ்சல் அதில் இல்லை. வேண்டாம் என்று உறுப்பினர் உங்களிடம் சொன்னாலே போதும்.

எக்செல் பட்டியலை விளம்பரதாரரிடம் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

எல்லா முகவரியையும் "டூ" வரியில் போடுவது

"பிசிசி" வரியில் போடுங்கள். ஒருவர் முகவரி மற்றவர் கண்ணில் படாது.

பதில் அனுப்ப முடியாத முகவரி

உறுப்பினர் கோபப்பட்டால் யாரிடம் சொல்வார்? ஒவ்வோர் அமைப்பும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளியில் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். சின்ன மன்றத்தில் செயலாளரே அந்தப் பொறுப்பை ஏற்கலாம். ஆனால் கடிதத்தைத் திறந்து படிக்க ஓர் ஆள் வேண்டும்.

விலகியவர்களைப் பட்டியலிலேயே விட்டுவைப்பது

தேவை முடிந்த தகவலை வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. எனக்கு அது சட்டத்தால் உறைக்கவில்லை. ஒரு காலையில் ஓர் அக்கா அழைத்தார். அவர் கணவர் எங்கள் பழைய உறுப்பினர், இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவர் பெயருக்கு எங்கள் மன்றத்திலிருந்து பிறந்தநாள் சலுகை போயிருக்கிறது. அக்கா திட்டவில்லை. "அவர் முகவரியை இன்னும் நான்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன், எடுத்துடுங்க தம்பி" என்றார்.

அன்று மாலையே எடுத்தேன். இப்போது ஒவ்வொரு ஜனவரியிலும் நானும் பொருளாளரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சந்தா ஏட்டோடு பட்டியலை ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஒரு சனிக்கிழமை மதியம் முழுவதும் பிடிக்கும்.