கடைக்குள் நுழைந்ததும் ஏறிய விலை

வீட்டில் பார்த்தபோது ஒரு கடையின் செயலியில் பிரிண்டரின் விலை குறைவாக இருந்தது. மறுநாள் அந்தக் கடைக்குப் போய், பில் போடுபவரிடம் காட்டலாம் என்று செல்பேசியைத் திறந்தால் விலை ஏறியிருந்தது. அலமாரியில் ஒட்டியிருந்த விலையேதான். சலுகை முடிந்துவிட்டது போலும் என்று திரும்பினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மறுபடி பழைய விலை!

நான்கு நாள் இதே கூத்து. முதலில் மாடல் எண்ணைச் சந்தேகித்தேன். கடைசி எழுத்து மாறினாலே வேறு பொருளாகிவிடும். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன், ஒன்றுதான். வெளியேறி மீண்டும் உள்நுழைந்தேன், செயலியை நீக்கி மறுபடி நிறுவினேன். பலனில்லை. வாடிக்கையாளர் சேவையில் மனப்பாடப் பதில்தான் கிடைத்தது.

பிறகுதான் கவனித்தேன்: கடைக்குள் இருக்கும்போது மட்டும் விலைக்குக் கீழே பொடி எழுத்தில் 'இந்தக் கிளையில்' என்று ஒரு வரி. வீட்டில் அந்த இடத்தில் 'வீட்டுக்கு அனுப்ப' என்றிருந்தது. செல்பேசியின் இருப்பிடத்தை வைத்துச் செயலி தானாகவே கிளை விலைக்குத் தாவியிருக்கிறது.

கடைக்குள் நின்றபடியே இருப்பிட அனுமதியை நிறுத்தினேன். பக்கத்தைப் புதுப்பித்தது போதவில்லை. செயலியை முழுதாக மூடித் திறந்த பிறகுதான் குறைந்த விலை வந்தது. மேலாளர் தன் கணினியில் சரிபார்த்து அதே விலைக்குப் பில் போட்டார். எல்லாக் கடைகளும் இப்படி இறங்கி வருவதில்லை என்பதால் கேட்டுவிட்டுப் போவது நல்லது. இன்னொன்று: 'கிளையில் பெற்றுக்கொள்கிறேன்' என்று தேர்ந்தெடுத்தால் விலை மறுபடி ஏறிவிடுகிறது.