விதையும் மூச்சு விடும்: குழந்தைகளோடு விதை முளைக்க வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகளை உட்கார வைத்து முதன்முதலாக விதை போடச் சொல்லித் தருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் ஆரம்ப வருடங்கள் கண்முன் வந்து நிற்கும். அதே பிளாஸ்டிக் கப், அதே பஞ்சு, அதே அவசரம். நான் செய்த தவறுகளும் வரிசை மாறாமல் பின்னாலேயே வரும். பூச்சி அரித்த விதையை எடுப்பது, தண்ணீர் விட மறப்பது இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் யாருக்கும் புரிந்துவிடும். வருடக்கணக்கில் செய்தும் தவறு என்றே தெரியாமல் போகிறவை சில உண்டு. அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

"தினமும் தண்ணீர் ஊத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது

இன்றுவரை என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். யாராவது இப்படிச் சொல்வதைக் கேட்டால் குறுக்கே பேசாமல் இருக்க முடிவதில்லை.

என் முதல் வகுப்பில் ஆளுக்கொரு கப்பில் பச்சைப்பயறு போட்டோம். "விதை வளரத் தண்ணீர் வேணும், தினமும் ஊத்துங்க" என்றேன். குழந்தைகளுக்குப் பிரியம் என்றால் நிறையக் கொடுப்பதுதான். காலையில் ஊற்றினார்கள், மதியம் ஊற்றினார்கள், வீட்டுக்குக் கிளம்பும்போதும் ஊற்றினார்கள். வெள்ளிக்கிழமை எல்லாக் கப்பும் விளிம்புவரை நிறைந்திருந்தது. திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் புளித்த நாற்றம். தண்ணீரின் மேல் நுரை. ஒரு பயறை எடுத்து விரலால் லேசாக அழுத்தினேன். தோல் வழுக்கிக்கொண்டு தனியே வந்தது, உள்ளே கூழ். ஒரு சிறுமி கப்பைக் கையில் பிடித்தபடி, "நான் நிறையத்தானே ஊத்தினேன் மிஸ்?" என்று கேட்டாள். "விதை சரியில்லைம்மா" என்றேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. நான் சொன்னதைத்தான் அவள் சரியாகச் செய்திருந்தாள்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று: விதை மூச்சு விடும்.

காய்ந்த விதை செத்த பொருள் இல்லை. உள்ளே ஒரு குட்டிச் செடி கிட்டத்தட்ட அசைவே இல்லாமல் தூங்குகிறது. தண்ணீர் பட்டதும் விதை அதை உறிஞ்சி உப்புகிறது, மேல்தோல் கிழிகிறது, குட்டிச் செடி விழிக்கிறது. விழித்ததும் அதற்குத் தலைக்கு மேல் வேலை. சேர்த்து வைத்த மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைத்து வேராகவும் தண்டாகவும் மாற்ற வேண்டும். அதற்குத் தெம்பு வேண்டும், தெம்புக்கு ஆக்சிஜன் வேண்டும். தேங்கிய தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம்தான். அதையும் விதைகளும் கிருமிகளும் சீக்கிரமே தீர்த்துவிடும். பிறகு விதைக்குள் சர்க்கரை புளித்து ஆல்கஹால் உண்டாகிறது. தெம்பு போதாமல் விதை சாகிறது, மிச்சத்தைப் பாக்டீரியா அழுக வைக்கிறது. அந்தத் திங்கட்கிழமை நாற்றம் இதுதான்.

இதைக் குழந்தைகளுக்குச் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. ஒரு குச்சியில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று பயறுகளைக் கட்டி, கண்ணாடி டம்ளரில் நிறுத்துங்கள். நடுப்பயறு பாதி நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர். அந்த அளவு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பதற்குக் காற்று உண்டு, தண்ணீர் இல்லை. அடியில் இருப்பதற்குத் தண்ணீர் உண்டு, காற்று போதாது. அது உப்பும், சில சமயம் நுனி வேர்கூட எட்டிப் பார்க்கும், அதற்குமேல் நகராது. இரண்டும் கிடைத்த நடுப்பயறுதான் வேர்விட்டு வளரும். காரணத்தைக் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள்.

மூச்சு விடுவதையும் காட்டலாம். மூடியுள்ள பாட்டிலில் முளைவிட்ட பயறை ஈரத்துணியோடு போட்டு, உள்ளே ஒரு சின்னக் கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரை வையுங்கள். சுண்ணாம்பு நீரைப் பெரியவர்களே கையாளட்டும். மறுநாள் அது பால் போலக் கலங்கியிருக்கும். நாம் ஊதினாலும் அது அப்படித்தான் கலங்கும். இரண்டிலும் கலக்குவது கரியமில வாயுதான். இதைப் பார்த்தபின் எந்தக் குழந்தையும் கப்பை நிரப்பி நான் கண்டதில்லை.

என் கணக்கு இது: எட்டு மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். பஞ்சைப் பிழிந்தால் ஒரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. மண் என்றால் கப்பின் அடியில் ஓட்டை கட்டாயம்.

சூட்டிகையான பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும்: "அப்ப நெல்லு?" நல்ல கேள்வி. நெல் தண்ணீருக்கு அடியிலும் முளைக்கத் தெரிந்தது. அங்கே அது வேரை நிறுத்தி வைத்துவிட்டுக் குருத்தை முதலில் மேலே நீட்டும், காற்றைப் பிடிக்க. அதுவும் மூச்சுக்காகத்தான்.

முளைக்க வெயில் வேண்டும் என்று சொல்வது

பெரும்பாலான விதைகளுக்குத் தேவை தண்ணீர், காற்று, இதமான சூடு. வெளிச்சம் வேண்டாம். மண்ணுக்குள் இருட்டில்தானே முளைக்கின்றன? சாலட்டில் போடும் லெட்டூஸ் கீரை போன்ற சில பொடி விதைகள் மட்டும் வெளிச்சம் பட்டால்தான் விழிக்கும். அவற்றை ஆழமாகப் புதைக்கக் கூடாது.

வெளிச்சம் தேவைப்படுவது முளைத்த பிறகு. ஒரு கப்பை அலமாரிக்குள்ளும் இன்னொன்றை ஜன்னலோரமும் வையுங்கள். ஒரு வாரத்தில் அலமாரிச் செடிதான் உயரமாக இருக்கும். "இதுதான் ஜெயிச்சிருக்கு!" என்று கத்துவார்கள். அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தண்டு நூல் போல இருக்கும், இலை வெளிறிய மஞ்சள். வெளிச்சத்தைத் தேடிக் கையிருப்பை எல்லாம் உயரத்திலேயே செலவழித்துவிட்டது அது. ஜன்னலோரம் மாற்றினால் ஓரிரு நாளில் பச்சை ஏறும்.

குட்டிச் செடிக்குச் சாப்பாடு மண்ணிலிருந்து வருகிறது என்பது

அப்படியானால் பஞ்சில் எப்படி முளைத்தது? ஊறிய கொண்டைக்கடலையின் தோலை உரித்து இரண்டாகப் பிளந்து காட்டுங்கள். பருத்த இரண்டு பாதியும் விதையிலைகள், சாப்பாடு அங்கேதான். அவற்றின் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கூர்நுனி முளைவேர், அதன் மறுமுனை முளைக்குருத்து. சொந்த இலை விரியும்வரை குட்டிச் செடி சாப்பிடுவது இந்தக் கட்டுச்சோற்றைத்தான். பச்சைப்பயறில் விதையிலைகள் மேலே வந்து, சுருங்கி, உதிரும். குழந்தைகள் "செத்துப்போச்சு" என்று பயப்படுவது அப்போதுதான். சாப்பாடு தீர்ந்து பை காலியாகிவிட்டது என்று சொல்லுங்கள்.

கொண்டைக்கடலையில் விதையிலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் ஒரு விதையை மட்டும் காட்டி "எல்லாம் இப்படித்தான்" என்று முடிக்காதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

தலைகீழாக நட்டதை எடுத்துத் திருப்புவது

தேவையே இல்லை. எப்படிப் போட்டாலும் வேர் வளைந்து கீழே போகும். வேர் நுனியிலுள்ள செல்களுக்குள் கனமான மாவுத் துகள்கள் இருக்கின்றன. அவை கீழ்ப்பக்கம் படிவதை வைத்து வேர் திசை அறிகிறது. இதற்குக் காரணம் புவியீர்ப்பு என்பதை ஆங்கிலேயத் தாவர ஆராய்ச்சியாளர் தாமஸ் ஆண்ட்ரூ நைட் 1806-இல் சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டிக் காட்டினார். சக்கரம் வேகமாகச் சுற்றியதும், வெளியே தள்ளும் விசை புவியீர்ப்பைவிட ஓங்கிவிட, வேர்கள் வெளிப்பக்கமாக வளர்ந்தன, தண்டுகள் மையத்தை நோக்கி வளர்ந்தன.

தோண்டிப் பார்ப்பது

வேண்டாம். கண்ணாடி டம்ளரின் உள்சுவரில் ஈரத் தாளை ஒட்டி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விதையைச் செருகினால் போதும், எல்லாம் வெளியிலிருந்தே தெரியும்.

ஆளுக்கு ஒரே ஒரு விதை கொடுப்பது

ஐந்து கொடுங்கள். நல்ல விதைகளிலும் சில முளைக்காது.

விதைத்தோலை உரித்து உதவுவது

முளை கொக்கிபோல வளைந்து மண்ணைப் பிளந்து வரும். மென்மையான குருத்து நுனிக்கு அடிபடாமல் இருக்கத்தான் அந்த வளைவு. தலையில் தோல் தொப்பி மாதிரி ஒட்டியிருந்தால் குழந்தைகளுக்குக் கை துறுதுறுக்கும். ஒரு பையன் மெதுவாகத்தான் இழுத்தான், கழுத்து ஒடிந்துவிட்டது. அன்று முழுக்க அவன் பேசவில்லை. தோல்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துவிட்டு மறுநாள் வரை விடுங்கள். இலைகள் விரியும்போது தோல் பெரும்பாலும் தானே கழன்று விழும்.