டிராக்கன்ஸ்பெர்க் நிஃபோபியா: அழுகாமல் உலர்த்தும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசக் காவடி எடுக்கும் நாட்களை ஒட்டி, டிராக்கன்ஸ்பெர்க் மலையின் மேல்சரிவுகளில் நிஃபோபியா கௌலெசன்ஸ் பூத்து நிற்கும். ஊற்று கசியும் ஈர நிலத்தில் கூட்டமாக வளரும் பல்லாண்டுச் செடி இது. ஆய்வுக்கான உலர்தாவரத் தொகுப்புக்கு (ஹெர்பேரியம்) இதைப் பறிப்பது சுலபம். சாறு நிறைந்த தண்டை, பூஞ்சை பிடிப்பதற்குள் உலர்த்துவதுதான் பாடு.

முதலில் அனுமதி. குவாசூலு-நடால் மாகாணத்தில் எசெம்வெலோ என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் அனுமதிச் சீட்டு வேண்டும். தனியார் நிலமென்றால் உரிமையாளரின் கையெழுத்தும் வேண்டும். இந்த மலையிலுள்ள சானி கணவாயின் உச்சி லெசோத்தோ, அது வேறு நாடு. அங்கே இந்தச் சீட்டு செல்லாது.

பனி உலர்ந்த பிறகு, நண்பகலுக்குள் வேலையை முடியுங்கள். கோடையில் பிற்பகல் இடி இந்த மலையில் விளையாட்டல்ல. நனைந்த செடியும் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்த ஆகாது. இருபது செடிகள் இருந்தால் ஒன்றைத் தொடலாம் என்பது களத்தில் பலரும் வைத்திருக்கும் கணக்கு. கிழங்கைத் தோண்ட வேண்டாம். பக்கக் கிளை ஒன்றை அடிவரை வெட்டி, ஒரு பூந்தண்டோடு எடுத்தால் போதும்.

பூக்கள் கீழிருந்து மேலாக விரியும். பாதி விரிந்த தண்டைத் தேர்ந்தால் மொட்டும் பூவும் ஒரே தாளில் கிடைக்கும். வெட்டுவதற்கு முன்பே இரண்டின் நிறத்தையும் தனித்தனியாக எழுதுங்கள்: மொட்டு செம்பவளம், விரிந்த பூ வெளிர்மஞ்சள். உலர்ந்தபின் இரண்டும் பழுப்பாகிவிடும். செடியின் உயரம், கடல்மட்டத்திலிருந்து உயரம், சரிவு நோக்கும் திசை, ஜிபிஎஸ் அளவு, தேதி, சேகரிப்பு எண் ஆகியவையும் அப்போதே எழுத வேண்டியவை. இலை ஓரத்தை விரலால் தடவி, அரம் போலிருக்கிறதா என்று குறியுங்கள்.

அடுத்து தேன். நிஃபோபியாவில் அது ஏராளம். தேன்சிட்டுகளுக்குக் கொண்டாட்டம், தாளுக்குக் கேடு. பூங்கொத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறாவிட்டால் பூக்கள் தாளோடு ஒட்டிப் பூஞ்சை கட்டும்.

டிஎன்ஏ ஆய்வுக்கு விரலளவு இலைத் துண்டை, அதன் எடையைப் போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். இதை வெந்நீருக்கு முன்பே செய்ய வேண்டும். பிறகு தண்டையும் இலையடியையும் பிளேடால் நெடுக்காகப் பிளந்து, உள்சதையைச் சுரண்டி, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்குங்கள். திசு உயிரோடிருந்தால் நீரை விடாது. அழுத்தத்துக்குள்ளேயே கருத்து அழுகும். பூக்களில் வெந்நீர் படக்கூடாது. நான்கைந்து பூக்களைக் கீறி விரித்து, மகரந்தத் தாள்கள் தெரியும்படி தனித்தாளில் வையுங்கள்.

உலர்ந்த செடியைக் கடைசியில் ஒட்டிவைக்கும் தாளின் நீளம் ஏறக்குறைய 42 செ.மீ. என்பதால் நீண்ட இலையை 'V' போல மடியுங்கள். செய்தித்தாள், மை ஒற்றும் தாள், நெளி அட்டை என்று அடுக்கி, பட்டையால் இறுக்குங்கள். முதல் மாற்றம் 12 மணி நேரத்துக்குள், பிறகு தினமும். செடி இருக்கும் செய்தித்தாளை விட்டுவிட்டு, ஒற்றும் தாளை மட்டும் மாற்றுங்கள். சூட்டைவிடக் காற்றோட்டம் முக்கியம்: 40 டிகிரிக்கு மேல் போனால் பூ நொறுங்கும். டர்பனின் ஈரக்காற்றுக்கு வரும்வரை காத்திருக்காமல், மலையடியிலேயே முதல் இரண்டு நாள் மாற்றங்களை முடிப்பது நல்லது.

ஓரத்தைப் பிடித்துத் தூக்கும்போது தொய்யாமலும், கன்னத்தில் வைத்தால் குளிராமலும் இருந்தால் உலர்ந்துவிட்டது. பூச்சி முட்டைகள் சாக, பாலித்தீன் பையில் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வருவதற்குள் திறந்தால் பனிநீர் செடிமேல் படியும்.