ஒரே ஹார்ட் டிஸ்க், பல கணினிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அச்சகத்தில் ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒரே நாளில் மூன்று நான்கு கணினிகளைத் தொட்டு வரும். நான் பணிபுரிந்த இடத்தில், பள்ளி ஒன்றின் நூற்றாண்டு மலருக்கான படங்களை வடிவமைப்பாளர் தம் மேக் கணினியிலிருந்து டிஸ்க்கில் கொண்டுவந்தார். அதை விண்டோஸ் கணினியில் செருகியதும், 'பயன்படுத்துவதற்கு முன் இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று ஒரு சிறு பெட்டி தோன்றியது. வேலை அவசரத்தில் இருந்த ஊழியர் அதற்குச் சம்மதம் கொடுத்துவிட, டிஸ்க்கில் இருந்தவை அழிந்தன. மீட்பு மென்பொருளின் உதவியால் படங்களில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தாலும், கோப்புப் பெயர்களும் கோப்புறைகளும் போய், எல்லாம் வெறும் எண்களாக வந்தன. எந்தப் படம் எந்த ஆண்டு மாணவர்களுடையது என்று கண்டறிய இரண்டு நாள் ஆயிற்று.

அந்தப் பெட்டி தோன்றியதாலேயே டிஸ்க் பழுதாகிவிட்டது என்று கொள்ளக் கூடாது. பெரும்பாலும், டிஸ்க்கில் உள்ள கோப்பு முறைமையை, அதாவது கோப்புகளை டிஸ்க்கில் ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையை, அந்தக் கணினியால் படிக்க முடியவில்லை என்பதே அதன் பொருள். மேக்கின் ஏபிஎஃப்எஸ் முறைமையை விண்டோஸ் தானாகப் படிக்காது. ஆகவே 'கேன்சல்' கொடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, முன்பு எழுதிய கணினியிலேயே செருகிப் பாருங்கள். அங்கும் திறக்கவில்லை என்றால், அதில் புதிதாக எதையும் எழுதாமல் மீட்பு முயற்சிக்குக் கொடுங்கள். அழிந்த இடத்தின்மேல் வேறு தரவு எழுதப்பட்டுவிட்டால் பழையதை மீட்க இயலாது.

டிஸ்க் எந்தெந்தக் கணினிகளுக்குப் போகும் என்பதை வாங்கிய அன்றே யோசித்து முறைமையைத் தேர்ந்தெடுக்காததுதான் இத்தனைக்கும் வேர் என்பது என் கருத்து. விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ் என்ற முறைமை போதும். ஆனால் மேக் அதைப் படிக்குமே தவிர, கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. பழைய ஃபேட்32 எங்கும் வேலை செய்யும் என்றாலும், 4 ஜிபி அளவை எட்டும் கோப்பை ஏற்காது என்பதால் நீண்ட வீடியோக்களுக்கு உதவாது. விண்டோஸ், மேக், இன்றைய லினக்ஸ் ஆகிய மூன்றிலும் படிக்கவும் எழுதவும் முடிவது எக்ஸ்ஃபேட். முறைமையை மாற்றும்போது டிஸ்க்கில் உள்ளவை அழியும் என்பதால், அவற்றை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ஃபேட்டிலும் ஒரு குறை உண்டு. என்டிஎஃப்எஸ் தான் செய்யும் மாற்றங்களை ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொண்டே போகும்; எக்ஸ்ஃபேட்டில் அந்த வசதி இல்லை. எழுதும்போது கம்பியைப் பிடுங்கினால் கோப்பு மட்டுமன்றி, கோப்புகளின் இருப்பிடப் பட்டியலே குலைந்துபோகலாம். லினக்ஸில், நகலெடுப்பு எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு முழுமை பெற்ற பிறகும் தரவின் ஒரு பகுதி நினைவகத்திலேயே காத்திருக்கும். கோடு முடிந்ததை நம்பாமல், டிஸ்க்கைப் பாதுகாப்பாக விடுவிக்கும் 'எஜெக்ட்' கட்டளையைக் கொடுத்து, கழற்றலாம் என்ற செய்தி வரும்வரை பொறுத்திருங்கள். 'டிஸ்க் பயன்பாட்டில் உள்ளது' என்று கணினி மறுத்தால், திறந்திருக்கும் கோப்புகளை மூடிப் பாருங்கள். அதற்கும் இணங்காவிட்டால் கணினியை அணைத்த பின் கழற்றுங்கள். தட்டு சுழலும் வகை டிஸ்க் என்றால், அது ஓடும்போது மேசையில் நகர்த்துவதும் கூடாது.

ஒரே கோப்பை இரண்டு கணினிகளில் தனித்தனியே திருத்திவிட்டு, பழையதைப் புதியதன்மேல் எழுதிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

வெளிக்கடைகளில் செருகி வந்த டிஸ்க்கில் கோப்புறைகள் மறைந்து, அதே பெயர்களில் ஷார்ட்கட்கள் மட்டும் தெரிந்தால், அது வைரஸின் வேலை. அவற்றை இரட்டைச் சொடுக்கிட்டால் அந்தக் கணினிக்கும் வைரஸ் தொற்றும். கோப்புகள் போய்விட்டன என்று எண்ணி ஃபார்மேட் செய்வது அதைவிடப் பெரிய தவறு. முதலில் ஆன்டிவைரஸால் சோதித்துவிட்டு, மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளையும் காட்டுமாறு ஃபைல் எக்ஸ்ப்ளோரரை அமைத்தால், பெரும்பாலும் உண்மையான கோப்புறைகள் அங்கேயே இருக்கும். ஜெராக்ஸ் கடைக்கோ அச்சகத்துக்கோ கொடுக்க வேண்டியதை மட்டும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுங்கள். முழு டிஸ்க்கையும் கொண்டுபோக வேண்டாம்.