ஜைனுத்தீன் பாணியில் ஒரு மைனா

கல்கத்தாவில் தலைமை நீதிபதியாக இருந்த எலைஜா இம்பேயின் மனைவி மேரி, வீட்டுத் தோட்டத்தில் பறவைகளும் விலங்குகளும் வளர்த்தார். 1777 முதல் அவற்றை வரைய மூன்று பாட்னா ஓவியர்களை அமர்த்தினார்: ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ். முகலாயச் சிற்றோவியத்தில் பழகிய கை, இங்கிலாந்தின் வாட்மன் காகிதம். ஐந்தாறு வருடங்களில் 300க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து நான் பழகிய வழியைச் சொல்கிறேன். அவர்களே இப்படித்தான் செய்தார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

முடிந்தவரை பறவையின் நிஜ அளவிலேயே வரைந்தார்கள். நானும் ஆசைப்பட்டு ஏ3 தாளில் பச்சைக்கிளியை ஆரம்பித்தேன். கிளி வாலோடு 40 செ.மீ.; தாளோ 42. தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டதில் வால் நுனி மேசையில் போய் முடிந்தது. அதனால் முதலில் மைனா; 23 செ.மீ.தான்.

சொரசொரப்பில்லாத, கெட்டியான வாட்டர்கலர் தாள் வேண்டும். பென்சில் கோடு அழுத்தக் கூடாது, பின்னால் வண்ணத்தடியில் தெரியும். கால்களை முதலிலேயே போட்டுவிடுங்கள். நான் கடைசியில் ஒட்டவைத்த கால்கள் எல்லாம் செருப்பு மாட்டியதுபோல இருந்தன. மைனாவுக்கு முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று; கிளிக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு.

அப்புறம் உடம்பு முழுக்க வெளிர் பழுப்பை நீர்த்துப் பூசிக் காயவிடுங்கள். நன்றாகக் காயணும். பிறகு இரட்டைச் சுழிய (00 எண்) மெல்லிய பிரஷ்ஷில் இறகு இறகாக: முதலில் நடுத்தண்டு, அதிலிருந்து சாய்வாக மெல்லிய கோடுகள். கழுத்தில் சின்ன இறகுகள், சிறகில் நீண்டவை. சிறகுக்கு மட்டும் எனக்கு இரண்டு சாயங்காலம் போனது. அவசரப்பட்டு ஈரத்தின் மேல் கோடு போட்டால் மைனா நனைந்த கோழியாகிவிடும்.

தலையின் கறுப்புக்குக் கடைசிப் பூச்சில் ஒரு சொட்டு கம் அராபிக் பிசின் கலந்தால் மினுமினுப்பு வரும். கண்ணில் ஒளிப்புள்ளிக்குத் தாளின் வெள்ளையையே விட்டுவிடுங்கள்.

பின்னணி வேண்டாம், ஒரு கிளை போதும். ஜைனுத்தீன் படங்களில் அவர் பெயர் பாரசீக எழுத்தில் இருக்கும். என் படத்தின் கீழே மைனாவின் பழைய தமிழ்ப் பெயரான ‘நாகணவாய்ப்புள்’ என்று எழுதினேன்.